ரெகுலேட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கென்று சில சொத்துகள் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலிகள், மழைக்குக் கட்ட ஒரு பெரிய தறப்பாள், சோறு வடிக்கும் அண்டாக்கள், அப்புறம் ஒரு டைவிங் செட். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நானும் ஒருகாலத்தில் சிரித்திருப்பேன். ஆனால் அதை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போகிறவன் நான்தான் என்பதால் இப்போது சிரிப்பு வருவதில்லை.

நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே தேயிலை முடிகிற இடத்தில் மஸ்கெலியா நீர்த்தேக்கம் தொடங்குகிறது. துணி துவைப்பதும் மீன் பிடிப்பதும் அங்கேதான். அவ்வப்போது அது எங்களில் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் கிழக்குக் கரையில் ஒரு டைவிங் கடையில் சிலிண்டர் தூக்கப் போனவன். தூக்கித் தூக்கி, கடைசியில் முழுகவும் கற்றுக்கொண்டேன். வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டுவது என் வேலை. நாடு நொடித்து வெள்ளைக்காரர்கள் வராமல் போனதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினேன். மீன் காட்டுவதற்குச் சம்பளமா என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

நான் வந்த வருஷமே எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவரின் ஒரே மகன் ஏரியில் போய்விட்டான். அப்போது செட் எதுவும் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப முழுகினேன். தேயிலைச் சாயம் மாதிரி தண்ணீர். நீட்டிய கை தெரியவில்லை. கடற்படைச் சுழியோடிகளும் வந்து தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்த அப்பா கரையில் ஓர் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

உடல் வராமல் எங்கள் பக்கம் சாவுத் தப்பு அடிக்க மாட்டார்கள். தப்புச் சத்தம் கேட்காத வீட்டைச் சாவு வீடு என்றும் சொல்ல முடியாது. வந்தவர்களுக்கு அழுவதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாது. கடைசியில் தண்ணீரே அந்தப் பையனைக் கொண்டுவந்து அணைக்கட்டுப் பக்கம் விட்டது. சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெற்றவள் மூடிய பலகையைத் தடவித் தடவி அழுதாள்.

அதன்பிறகு கூடிய சங்கக் கூட்டத்தில்தான் செட் வாங்குவது என்று முடிவானது. சண்டை இல்லாமல் முடிந்த ஒரே கூட்டம் அதுதான். என் பழைய முதலாளி கடையை மூடிக்கொண்டிருந்ததால் பாவித்த செட் ஒன்றைக் குறைத்துக் கொடுத்தார். தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதற்கென்று கட்டிய பிள்ளைக் காம்பரா ஒன்று பூட்டிக் கிடந்தது. அங்கே நாற்காலிகளோடு ஓர் அலுமாரியில் செட்டையும் வைத்தோம். அலுமாரிச் சாவியை, மகனைப் பறிகொடுத்த அந்தக் கவ்வாத்துக்கார அண்ணன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் நான் இரண்டு பேரை வெளியே எடுத்தேன். இரண்டு முறையும் அவர் கரையில், நான் தலை துவட்டத் துவாயோடு நின்றார். நான் கழற்றிப் போட்டதைப் பைப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, பிள்ளையைத் தூளியில் போடுகிற மாதிரி அலுமாரிக்குள் வைத்தார். அந்த இரண்டு வீட்டிலும் முகம் பார்த்து அழுதார்கள். அவரும் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆயுத பூஜையன்று நான் ஹட்டனில் மனைவி வீட்டில் இருந்தேன். இங்கே அண்ணன் தன் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, மனைவியின் கொழுந்துக் கூடையைக் கழுவி, இரண்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் டைவிங் செட்டையும் வைத்தார். சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதோடு விட்டிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

அவருடைய கத்திக்கு அன்றைக்கு எண்ணெய் போடுவது வழக்கம். எங்கள் குளிருக்குத் தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்துவிடும், அதனால் எல்லா வீட்டிலும் அதை அடுப்போரம் வைத்திருப்போம். அவர் அந்த எண்ணெயை நன்றாக உருக்கி, டைவிங் செட்டின் ரெகுலேட்டரில் எங்கெங்கே ஓட்டை தெரிந்ததோ அங்கெல்லாம் ஊற்றியிருக்கிறார். வாயில் கடிக்கிற பக்கம், அமுக்குகிற பொத்தானின் இடுக்கு, சிலிண்டரில் பூட்டுகிற பித்தளைப் பக்கம், ஒன்றையும் விடவில்லை. விடிவதற்குள் எல்லாம் உள்ளேயே மெழுகாக இறுகிவிட்டது.

மாதக் கடைசியில் சோதித்துப் பார்க்க எடுத்தபோது வாய்ப்பக்கம் வெள்ளையாக எதுவோ தெரிந்தது. மோந்து பார்த்தேன், தேங்காயெண்ணெய். சிலிண்டரிலிருந்து வரும் காற்றை நாம் இழுக்க இழுக்க அளந்து கொடுப்பது ரெகுலேட்டர்தான். உள்ளே சின்னச் சின்ன ரப்பர் வளையங்களும் மெல்லிய தகடும் இருக்கும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பார்க்காமல் தண்ணீருக்கடியில் அதைக் கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கோபம் தலைக்கேறியது.

“யாரு இதுக்குள்ள எண்ணெய் ஊத்துனது?” என்று கேட்டேன்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். “துருப்புடிச்சிரக் கூடாதேன்னுதான் தம்பி,” என்றார்.

என் வாய் சும்மா இருக்காது. ஒங்க பக்தியைக் கொண்டுவந்து இதுக்குள்ளதான் கொட்டணுமா என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டின் நுனியால் அந்த வெள்ளையைத் துடைக்கப் போனார், நான் கையைத் தட்டிவிட்டேன்.

ஹட்டனில் ரயிலேறிக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். சர்வீஸ் செய்கிறவர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். கழற்றி உள்ளே பார்த்ததும் சிரித்தார். யார் ஊற்றியது, எதற்காக ஊற்றினார் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ரப்பர் சாமான் முழுவதும் மாற்ற வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இப்போதெல்லாம் எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். சொன்ன தொகையோ, சங்கக் கணக்கில் இரண்டு சாவுச் செலவுக்குச் சமம்.

கூட்டத்தில் வழக்கமான சண்டை திரும்பி வந்தது. நாற்காலிக்கு சர்வீஸ் பண்றோமா, அண்டாவுக்குப் பண்றோமா, இதுக்கு மட்டும் என்ன என்று ஒருவர் கேட்டார். நாற்காலியைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்க் காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். அண்ணன் எழுந்து, தன் பசுமாட்டை விற்றுக் கட்டிவிடுவதாகச் சொன்னார். பொதுச் சொத்துக்குப் பொதுவில்தான் செலவு என்று தலைவர் அவரை உட்காரவைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தத் தலைவரின் மற்ற பேச்சையெல்லாம் நான் மன்னித்தேன்.

பணம் போய்ச் சேர்ந்தது, சாமான் வரவில்லை. கொழும்புக்குப் போன் போட்டால் அடுத்த வாரம் என்பார்கள். அந்த அடுத்த வாரம் வந்தால் அதற்கும் ஓர் அடுத்த வாரம் இருக்கும். அண்ணன் தினமும் வேலை விட்டதும் தோளில் கத்தியோடு என் வாசலுக்கு வந்து, “வந்திருச்சா தம்பி?” என்று கேட்பார். இல்லை என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு கட்டத்தில் எனக்கு எரிச்சலாகவே வந்தது. வந்தால் உங்களுக்குச் சொல்லாமல் ஒளித்தா வைப்பேன் என்று ஒருநாள் சொல்லியும்விட்டேன். மறுநாளும் வந்தார்.

மழை விடவில்லை. ஏரி புல்வரைக்கும் ஏறி நின்றது. பிள்ளைகள் கீழே விளையாடுகிற சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பேன்.

பயந்தது நடந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் லொறி டியூபில் மிதந்து வலை விரிக்கப் போனவன், வலையிலேயே சிக்கி உள்ளே போய்விட்டான். அவன் அப்பாவும் ஆட்களும் நேரே எங்கள் லயத்துக்கு ஓடிவந்தார்கள்.

“ஒங்க தோட்டத்துல முழுகுற செட் இருக்காமே, தம்பி,” என்றார் அந்த அப்பா.

சர்வீஸுக்குப் போயிருக்கிறது, இன்னும் வரவில்லை என்றேன். சாவு வீட்டுக்கு இரவல் கொடுக்க மனமில்லாமல் பொய் சொல்கிறவனைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணெய்க் கதையை நான் எடுக்கவில்லை. வெறுமனே முழுகினேன். அதே சாயத் தண்ணீர், அதே இருட்டு. குளிரில் கால் இழுத்துக்கொண்டது, ஆட்கள் பிடித்து மேலே ஏற்றினார்கள். வழியில் மண்சரிவு, கடற்படைச் சுழியோடிகள் மறுநாள்தான் வர முடியும் என்று செய்தி வந்தது. அந்த அப்பா அப்படியே கரையில் உட்கார்ந்தார். யாரோ அவருக்கும் ஓர் உரச்சாக்கு விரித்திருந்தார்கள்.

அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, வந்தவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அவர் முன்னால் வந்து அந்த அப்பாவுக்கு நேரே நின்றார்.

“செட்டு கெட்டுப்போனது என்னாலதாங்க. பூஜைக்கு நான்தான் எண்ணெய் ஊத்துனேன். எம்மகனும் இந்தத் தண்ணியிலதாங்க போனான்.”

கூட வந்த ஆட்களில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். நான் எழுந்து குறுக்கே போய் நின்றேன். அந்த அப்பா மட்டும் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உரச்சாக்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அண்ணன் உட்கார்ந்தார். சங்கத்துத் தறப்பாளைக் கொண்டுவந்து இருவருக்கும் மேலாகப் பிடித்தோம். 

மறுநாள் பிற்பகல் சுழியோடிகள் பையனை எடுத்துக் கொடுத்தார்கள். முகம் நன்றாக இருந்தது. பெற்றவள் பார்த்தாள். பெட்டி மூடும்வரை அண்ணன் அங்கேயே இருந்துவிட்டு, நனைந்த உடுப்போடு வீட்டுக்குப் போனார்.

செட் திரும்பி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. சாவி இனித் தன்னிடம் வேண்டாம் என்று அண்ணன் சங்கத்தில் சொல்லிவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் வாங்கவில்லை. அதனால் சாவி என் வீட்டுக்கு வந்தது. அவர் என் வாசலுக்கு வருவது நின்றது. அந்த எரிச்சலுக்கு நான் ஏங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் எங்கும் போகவில்லை. காரணத்தை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் பிள்ளைக் காம்பராவில் செட்டை எடுத்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். என்னை அறியாமல் என் கை ரெகுலேட்டரை மூடிக்கொண்டது. அவர் அதைக் கவனித்தார். உள்ளே வரவில்லை.

“செட்டுக்கு வேணாம் தம்பி. ஒங்களுக்கு ஒரு பொட்டு வச்சுவிடட்டுமா? நீங்க வேதக்காரங்க, தப்பா எடுத்துக்காதீங்க.”

எனக்கு எதற்கு அண்ணே என்றேன்.

“அன்னைக்கு நீங்க மோந்து பாக்காம முழுகியிருந்தா, ஒங்கம்மாவும் அந்தச் சாக்குலதானே உக்காந்திருப்பாங்க,” என்றார்.

அதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வருஷம் முழுவதும் அவர் தானாகவே நினைத்துப் பார்த்திருக்கிறார். ரெகுலேட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, வாசலுக்குப் போய்த் தலையைக் குனிந்தேன்.