அப்பா நிறுத்திய தீயணைப்பு வண்டி

எங்கள் அப்பா ஒருமுறை தீயணைப்பு வண்டியையே கை காட்டி நிறுத்தியவர். போலீஸ்காரர் கை காட்டினாலும் நிற்காத அந்த வண்டி, அப்பா குறுக்கே போய் நின்றதும் நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்பில் படித்த காலத்தில் இதை நான் யார் யாரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை. எங்கள் தெருவும் பல வருடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அப்படிச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருப்பவர்கள் என் எதிரில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் தெரு. எல்லா வீட்டிலும் பட்டுத்தறி. தெரு முடிகிற இடத்தில் நெல்வயல், அதைத் தாண்டினால் காலனி. அந்த வயல்களில் கூலிக்கு உழைத்தவர்கள் அங்கே ஓலைக் குடிசைகளில் இருந்தார்கள். காலனிக்கு ஒரு வண்டி போக வேண்டுமென்றால் எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். மற்றதெல்லாம் வரப்பு.

தறியில் ஏற்றுவதற்கு முன் பாவைத் தெருவில் நீட்டுவார்கள். பாவு என்றால் சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைகள். வெயில் ஏறுவதற்குள், தெருவின் நடுவில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டி, இடையிடையே தாங்கலாக மூங்கில் கவை கொடுத்து, கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடி முடிவார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்து கை கொடுப்பார். அந்த நேரத்தில் தெரு எங்களுடையது. சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். மாட்டுவண்டி காத்து நிற்கும். காலனிக்காரர்கள் தெருவுக்குள்ளேயே வரமாட்டார்கள். பட்டின் மேல் அவர்கள் கை படக்கூடாது என்று யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, வரப்பில் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இதற்கு ஒழுங்கு என்று எங்கள் வீட்டில் பெயர்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை. நீட்டியிருந்தது எங்கள் பாவு. முதலாளி கொடுத்த பட்டு, நல்ல அரக்கு நிறம். வயலுக்கு அப்பால் புகை எழும்பியது. யாரோ வைக்கோலைக் கொளுத்துகிறார்கள் என்றார் பெரியப்பா. பிறகு கூச்சல் கேட்டது. அப்பா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் இழை முடியக் குனிந்தார்.

கொஞ்ச நேரத்தில் டணடணவென்று மணியடித்துக்கொண்டு வண்டி தெருவுக்குள் திரும்பியது. அவ்வளவு சிவப்பை நான் அதுவரை பட்டில்தான் பார்த்திருந்தேன். முன்னால் பித்தளை மணி, மேலே ஏணி, பக்கத்தில் சுருட்டி வைத்த குழாய்கள். படியில் ஒருவர் தொற்றிக்கொண்டு வந்தார். என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா. காலனியிலிருந்து ஓடிப்போய் வண்டியைக் கூட்டிவந்தவர் அவர்தான்.

அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"யோவ், நகருய்யா! அங்க எரிஞ்சிகினு கீது!"

"பட்டுப் பாவு சார். கொஞ்சம் நில்லுங்க, சுத்திடறோம்."

"ஜல்தியா அவுத்துப் போடுய்யா!"

"அவுத்துப் போட்டா சிக்காயிடும் சார். அப்பறம் ஒண்ணுத்துக்கும் ஒதவாது. எங்க தறி நின்னுபூடும்."

டிரைவர் பாவைப் பார்த்தார், கூடியிருந்த எங்கள் தெரு ஆட்களைப் பார்த்தார். வண்டியை நகர்த்தவில்லை. எங்கள் ஊரில் பட்டுக்கு இருந்த மரியாதை அப்படி.

படியில் வந்தவர் குதித்து ஓடிவந்தார்.

"ஐயா, எங்கப்பன் உள்ள கீறாருங்க. கை கால் வராதவருங்க. எயுந்து வர மாட்டாருங்க."

சொல்லிக்கொண்டே அவர் கை மூங்கில் கவையை நோக்கிப் போனது.

"கைய வெக்காதடா!" என்றார் அப்பா.

அந்தக் கை அப்படியே நின்றது. ஒரு உதை விட்டிருந்தால் கவை சாய்ந்திருக்கும், வண்டி போயிருக்கும். அவர் உதைக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு, சுவர் ஓரமாக, புகையைப் பார்த்துத் தனியாக ஓடினார்.

பாவு சுற்றுவதை அவசரமாகச் செய்ய முடியாது. அப்பா அன்றைக்கும் எப்போதும் போலத்தான் சுற்றினார், விரலால் தடவித் தடவி. எங்களுக்கோ கொண்டாட்டம். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வண்டியில் ஏறினோம். மணியை மாற்றி மாற்றி அடித்தோம். எங்களைத் துரத்தவேண்டிய தீயணைப்புக்காரர்கள் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் கால் வைத்துக் குதித்துப் பாவாடையை நனைத்துக்கொண்டேன். என் சிறுவயதில் அதைவிடச் சந்தோஷமான காலை ஒன்று இல்லை என்று சொன்னால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பாவில் ஒரு இழைகூட அறுந்துபோகவில்லை. வண்டி போய்ச் சேர்ந்தபோது கூரைகள் எல்லாம் இறங்கிவிட்டிருந்தன. மண்சுவர்களுக்கு நடுவில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு வந்தார்கள். கிழவரைப் பாயில் சுற்றி எடுத்தார்கள் என்று மத்தியானம் சொன்னார்கள்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரே கூட்டம். பெரியப்பா அப்பாவின் முதுகில் தட்டி, வண்டியவே நிறுத்திட்டானே என்றார். எல்லோருக்கும் காபி கொடுத்தபடி அம்மா மட்டும் மெதுவாக, அந்தக் கிழவர் பாவம் என்றாள்.

"நான் இன்னா, போவாதன்னா சொன்னேன்? கொஞ்சம் நில்லுங்கன்னுதான சொன்னேன்" என்றார் அப்பா.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. தெருநாய்க்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்தச் சேலை யாருடைய கல்யாணத்துக்கோ போனது. நிறம் நன்றாக வந்திருந்ததாம்.

கிழவரின் பேரன், என் வகுப்புப் பையன், சில நாள் கழித்துத்தான் பள்ளிக்கூடம் வந்தான். புத்தகம் இல்லை. யாரோ கொடுத்த தொளதொள சட்டை. நான் மரத்தடியில் கூட்டம் சேர்த்து வண்டிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை என்னிடம் பேசியே இராதவன், கடைசிவரை நின்று கேட்டான். மற்றவர்கள் கலைந்த பிறகு பக்கத்தில் வந்தான்.

"வண்டி எம்மா நேரம் நின்னுது?"

"ரொம்ப நேரம்! நாங்க அல்லாரும் ஏறி மணி அடிச்சோம். எங்கப்பா வுடவே இல்லியே."

"அதுல தண்ணி இருந்துதா?"

"ரொம்பி இருந்துது. கீய ஒயுகிகினே இருந்துது. நான் அதுல ஆடினேன்."

அவன் சட்டையின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றான். வண்டியில் ஏறக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் என்று நினைத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது.

"அடுத்த வாட்டி வந்தா, எங்கப்பாகிட்ட சொல்லி ஒன்னயும் ஏத்திக்கறேன்" என்றேன்.