பஸ்ஸுக்கு ஊதிய கொம்பு

"...சாமிக்கும் மாப்பிள்ளைக்கும் ஊதுற கொம்புங்க இது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊதச் சொன்னா எப்படிங்க, டிரைவரண்ணே?"

கேட்டவர் கருப்பையா. கொம்பு ஊதுவதுதான் தொழில். போன வெள்ளிக்கிழமை, குன்றாண்டார்கோவில் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டு. மடியில், இரண்டாகக் கழற்றித் துணியில் சுற்றிய பித்தளைக் கொம்பு.

விஷயம் இதுதான். பஸ் ஹாரனின் ரப்பர் பந்து கிழிந்துவிட்டது. யுத்த காலத்தில் ரப்பருக்கு எங்கே போவது? ஹாரன் இல்லாமல் டிரைவர் வேகம் எடுக்க மாட்டார். ரோடு நிறையச் செம்மறி ஆடு, மாட்டுவண்டி. பெட்ரோலும் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ் வேறு... கிளம்பியதே லேட்.

"வெளக்கு வைக்கிற நேரம் எங்க ஊர்ல சாமி பொறப்பாடுங்க. மொதக் கொம்பு எங்க வீட்டு முறை. நான் போகலேன்னா பங்காளி ஊதிருவான். ஒரு தடவை ஊதிட்டான்னா முறை அவன் வீட்டுக்குப் போயிரும்."

"அப்ப ஊதுய்யா! நீ ஊதினா நான் ஓட்டுறேன்."

"வழியெல்லாம் ஊதினா ஒதடு வீங்கிரும்ங்க. அங்க போயி என்னத்தை ஊதுறது? கொம்புக்காரன் மூச்சும் கண்மாய்த் தண்ணியும் ஒண்ணு. தெறந்து விட்டா திரும்பாது."

எப்படிப்பட்ட இக்கட்டு, பாருங்கள்! ஊதாவிட்டால் நேரம் போகும். ஊதினால் உதடு போகும்.

சூரியனை ஒரு தரம் பார்த்தார். கொம்பைப் பூட்டினார். ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஊதினார் — ஆடுகள் சிதறி ஓடின, வண்டிகள் ஒதுங்கின, பஸ் பறந்தது!

"என் கல்யாண ஊர்வலத்துலகூட இம்புட்டு ஜோராப் போகலைங்க" என்றார் பின் சீட்டிலிருந்த ராவுத்தர். கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி.

அடுத்த ஊர் வந்தது. ரோட்டின் நடுவே ஒரு கூட்டம். முன்னால் ஒரு அம்மாள், கையில் தட்டு, தட்டில் எரிகிற சூடம்.

"சாமி எங்கிட்டு வருது?"

"சாமி இல்லம்மா, பஸ்ஸு!" என்றார் கண்டக்டர்.

"பஸ்ஸுக்கா கொம்பு ஊதுறீங்க? வெளங்கும்! ஏத்தின சூடத்தை இப்ப நான் என்ன செய்ய?"

என்ன செய்தார் தெரியுமா? பஸ்ஸின் முகத்துக்கே காட்டினார். டிரைவர் இறங்கி, பயபக்தியாய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்கடுத்த ஊரில் தேங்காயே உடைத்துவிட்டார்கள். ஊதி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் தீபாராதனையில் போயிற்று. அவர்களைச் சொல்லி என்ன பயன்? கொம்புச் சத்தம் கேட்டால் சாமி வருகிறது என்றுதான் அந்தக் காதுகளுக்குப் பழக்கம். நமக்கு அவசரம் என்பதற்காக ஊர்க்காது மாறிவிடுமா?

"போதும்ங்க" என்று கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டார் கருப்பையா. உதடு தடித்திருந்தது. பஸ் மறுபடி ஊர்ந்தது. கடைசியில் ஒரு கண்மாய் வளைவில், கரி அணைந்து, நின்றேவிட்டது.

தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் அவர் ஊர். இருட்ட ஆரம்பித்திருந்தது. கோயில் வாசலில் தீவட்டி ஏற்றுவது தெரிந்தது. கரையைச் சுற்றிப் போனால் ஒரு மைல்.

"ஓடுங்க தம்பி!" என்று பதறினார் ராவுத்தர்.

"ஓடினா மட்டும்?" என்றார் டிரைவர். "போய்ச் சேர்றதுக்குள்ள ஒம் பங்காளி ஊதிருவான்யா."

கருப்பையா கையை உயர்த்தி எங்களைச் சும்மா இருக்கச் சொன்னார். அக்கரைப் பக்கம் காது கொடுத்தார்.

"மேளம் இன்னும் கேக்கலைங்க. கொம்புக்கு அப்புறந்தான் மேளம். அவன் இன்னும் ஊதலை."

சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறி, பஸ்ஸின் கூரைக்குப் போனார். மூட்டைகளுக்கு நடுவே காலை ஊன்றி, ஊரைப் பார்த்து நின்றார். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். ஊதினார்.

ஆட்டை விரட்டியபோது நாங்கள் கேட்ட சத்தம் இல்லை இது. ஒரே நீளமாய், ஏறி ஏறி, தண்ணீர்மேல் போயிற்று. நின்றது. நாங்களும் அக்கரைப் பக்கம் காது கொடுத்தோம்.

அக்கரையில் மேளம் தட்டினார்கள்.

கருப்பையா இறங்கி வந்தார். கொம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்மாய்க் கரைமேல் போனார். ஓடவில்லை — நடந்து போனார்.