ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகும்

பித்தளை வாத்தியங்களைப் பழுது பார்க்கும் அவருக்குத் தெருவில் ‘சந்தேகம்’ என்று பெயர். கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போவார். பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று பாதியில் திரும்பி வருவார். சரிசெய்த ட்ரம்பெட்டைக் கொடுத்தனுப்பிய பிறகும், வாங்கிப்போனவரை ஃபோனில் கூப்பிட்டு, “எல்லாம் சரியா இருக்குல்ல?” என்று கேட்பார்.

“மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்வாங்க. உங்களுக்கு மடி காலியா இருந்தாலும் பயம்” என்பாள் மனைவி.

அவருடைய அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். மாலையில் நகர வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். நாக்கில் கத்தி, தம்பி என்றால் கூடுதலாகவே தீட்டி வைத்திருப்பாள்.

ஒருநாள் பெட்டியோடு கடைக்குள் வந்தாள். “டேய், இந்த ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கு. என்னன்னு பாரு.”

ட்ரம்பெட்டில் சில சுரங்கள் இயல்பாகவே கொஞ்சம் ஏறி ஒலிக்கும். இடது கட்டைவிரலால் ஒரு சின்ன லீவரை அழுத்தினால், அதோடு சேர்ந்த குழாய் வெளியே நகர்ந்து சுரத்தைச் சரியான இடத்துக்கு இறக்கும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த லீவரைத்தான் ட்ரிகர் என்பார்கள். அவர் கழற்றிப் பார்த்தார். பழைய கிரீஸ் பிசின் போல இறுகிக் கிடந்தது. துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரமே அக்கா திரும்ப வந்தாள். இந்த முறை வளைந்த அந்தக் குழாயின் இரண்டு கால்களும் மயிரிழை அளவு விலகியிருப்பதைக் கண்டுபிடித்து நேராக்கினார். ஸ்பிரிங்கையும் இலேசானதாக மாற்றினார்.

மூன்றாவது தடவை அவள் பெட்டியை மேசைமேல் பொத்தென்று வைத்தாள். “அப்படியேதான் இருக்கு. உனக்குக் கண்ணு மங்கிடுச்சு, ஒத்துக்கோ.”

அவள் போன பிறகு குழாயைச் செங்குத்தாகப் பிடித்தார். தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. லீவரின் அச்சில் தூசிகூட இல்லை. தன் சுண்டுவிரலால் தள்ளினார், போனது. சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை.

குழாயை மேசையில் வைத்தார். போன ஞாயிறு அக்கா தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டி, “திறந்து குடு” என்றது நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் திறந்து கொடுத்திருந்தார். அப்பாவுக்கும் விரலில்தான் ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பொத்தான், பிறகு ஸ்பூன், பிறகு எல்லாம். கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டது அக்காதான்.

மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. “எதுக்கும் நிச்சயம் பண்ணிக்கோங்க. சும்மா போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க.”

மறுநாள் ஸ்பிரிங்கையே கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். லீவர் இப்போது ஊதினாலே ஆடும் போலிருந்தது. அவள் ட்ரம்பெட்டை எடுத்துக் கட்டைவிரலை வைத்தாள். நெற்றி சுருங்கியது. குழாய் பாதி நகர்ந்து நின்றது.

“பரவாயில்ல. ஆனா இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு.”

அவர் இழுப்பறையைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினார். “அக்கா, அதுல ஸ்பிரிங்கே இல்ல.”

அவள் லீவரையே பார்த்தாள். “என்னை வேவு பாக்குறியா?”

“கையைக் காட்டு.”

“போடா. உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்.” பெட்டியை மூடப் போனாள். கொக்கி இடது கையால் விழவில்லை. வலது கையால் போட்டாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ட்ரிகர்தான் கெட்டுப்போச்சுன்னு நீ சொல்லிட மாட்டியான்னுதான் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தேன்” என்றாள். குரலில் கத்தி இல்லை. அது இல்லாததுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

மருத்துவமனையில் அவள் கையில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள், ஊசி குத்திப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு வாத்தியத்தின் பிஸ்டன்களை இடம் மாற்றிப் பொருத்திவிட்டு, ஊதினால் காற்றே போகவில்லை என்று அரைநாள் திகைத்து உட்கார்ந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் தன் விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டார். அக்காவோ வழக்கம்போலப் பள்ளிக்குப் போய்வந்தாள்; அவர் கூப்பிட்டால் மட்டும் ஃபோனை எடுக்கவில்லை.

முடிவைக் கேட்க இருவருமாகப் போனார்கள். டாக்டர் காகிதத்தைப் புரட்டி, “மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கு. உங்கப்பாவுக்கு வந்த வியாதி இது இல்ல” என்றார்.

“நிச்சயமாவா டாக்டர்?”

“நிச்சயமா.”

“அதுக்கான அறிகுறி கொஞ்சம்கூட...”

“டேய், அவரைப் பேச விடு” என்றாள் அக்கா. ஆனால் மேசைக்கடியில் அவர் சட்டை நுனியை அவள் வலது கை இறுக்கிப் பிடித்திருந்தது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ரொம்ப நாள் தள்ளிப்போட்டதால் கட்டைவிரலின் அடித்தசை வற்றியிருக்கிறது. அறுவை செய்தாலும் பழைய பலம் முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது. முன்னமே ஏன் வரவில்லை என்று கேட்டபோது அக்கா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அறுவை முடிந்தது. தையல் பிரித்த பின் அவள் தினமும் ஒரு பஞ்சுப்பந்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவர் ட்ரிகரின் லீவரை வெட்டி, நீளமான ஒன்றைப் பற்றவைத்து, குறைந்த பலத்திலேயே நகரும்படி செய்தார். இருந்த ஸ்பிரிங்குகளிலேயே மெல்லியதைத் தேடிப் போட்டார். அது குழாயை உள்ளே இழுத்துக்கொள்ளுமா என்று எத்தனை தடவை தட்டிப் பார்த்தாரோ, அவருக்கே தெரியாது.

குழு ஒத்திகைக்கு அவள் திரும்பிப் போன அன்று அவரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவளுக்குப் பழையபடி முதல் ட்ரம்பெட் இல்லை. இரண்டாம் ட்ரம்பெட் கொடுத்திருந்தார்கள். ட்ரிகரை அழுத்த வேண்டிய தாழ்ந்த சுரம் முதல் தடவை வந்தபோது லேசாக ஏறியே ஒலித்தது.  குழுவை நடத்துபவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். அடுத்த சுற்றில் அதே சுரம் வந்தது. குழாய் நகர்வதை அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தார். சுரம் சரியாக உட்கார்ந்தது. அதற்கடுத்த சுற்றில் மறுபடி தவறியது.

வெளியே வந்ததும் அக்கா கையை உதறிக்கொண்டாள். “லீவரை இன்னும் கொஞ்சம் வளைச்சு வை. விரல் வழுக்குது.”

“நிஜமா லீவர்தானா?”

அவள் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தாள். “பாதி லீவர். பாதி நான்.”

“நாளைக்கு நீயும் கடைக்கு வா” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.