கம்பளிமேல் அதிர்வுமானி

1. குவாரியில் சங்கு ஊதியது.
2. அம்மா தம்பியைத் தூளியிலிருந்து அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.
3. காலடியில் மண் ஒருமுறை உதறியது. வீட்டுக்குள் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன.
4. தூளிக்கு மேலே, சுவர் விரிசலிலிருந்து காரை உதிர்ந்தது.

பர்கூர்ப் பக்கம் கல்குவாரியை ஒட்டிக் குடியிருந்த எங்களுக்கு, வெடி வைக்கும் நாளெல்லாம் இப்படித்தான். அதே குவாரியில் பாறையைத் துளைக்கும் வேலையிலிருந்த அப்பாவுக்கு, வெடி அதிர்வை அளக்கச் சொல்லி அம்மா கனிமவள ஆபீசில் மனு கொடுத்தது தெரிந்ததும் வீடு இரண்டானது.

“ஏம்புள்ள, நான் பாறையில ஓட்ட போட்டா, நீ என் சோத்துல ஓட்ட போடுறியா?”

“நீ வேற எடத்துல பொழச்சிக்கலாம். செவுரு உழுந்தா புள்ளைய எங்க தேடுவ?”

அதிர்வை அளப்பதற்கு அந்த ஆபீசிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். கொய்யாப்பழ அளவிலிருந்த உணர்கருவியின் கூர்முனைகளைச் சுவரோரம் மண்ணில் அழுத்தி, ஒயரைப் பெட்டியில் செருகிவிட்டு, வெடியைப் பார்க்கக் குவாரிக்குப் போனார். நிலநடுக்கத்தை அளப்பதும் ஏறக்குறைய இதே முறைதான்: உள்ளே சுருள்வில்லில் தொங்கும் எடை, எங்கள் தூளியைப் போலவே, தரை திடுக்கென்று அசையும்போது கூடவே அசையாமல் பின்தங்கும், அந்த வேறுபாடு மின்சாரமாகிப் பெட்டியில் கோடாகப் பதியும். கருவி தரையை இறுகப் பிடித்திருந்தால்தான் அந்தக் கோடு உண்மை பேசும்.

தூறல் விழுந்தது. “ஆபீசு சாமான், நனஞ்சா நம்ம தலையில கட்டிருவாங்க” என்று அம்மா அதைப் பிடுங்கி, முந்தானையால் துடைத்து, உள்ளே மடித்த கம்பளிமேல் வைத்தாள். சங்கு ஊதியது. ஓடினோம். அன்று டம்ளர்கள் தரையில் உருண்டன. சுவரிலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து, வெறும் தூளிக்குள் விழுந்தது.

அப்பாவோடு திரும்பிய அதிகாரி பெட்டியைப் பார்த்தார். “லிமிட்டுக்குள்ளதாம்மா இருக்கு.”

அம்மா தூளியை விரித்துக் காட்டினாள். அவர் செங்கல்லைப் பார்த்தார். பிறகு கம்பளியைப் பார்த்தார்.

“இதுமேலயா வெச்சீங்க? மெத்தையில படுத்தவனுக்கு என்னம்மா தெரியும்? இந்த ரீடிங் செல்லாது, மறுபடி வரேன்.”

அப்பா அந்தச் செங்கல்லைக் கையில் எடுத்தார். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

அடுத்த முறை, கருவிமேல் வைக்கக் கனமாக ஏதாவது வேண்டும் என்று அதிகாரி கேட்டபோது, மணல்மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கியவர் அப்பாதான். “நல்லா அமுத்துங்க சார்.”

சங்கு ஊதியது. கோடு வரம்பைத் தாண்டி எழுந்தது.

எங்கள் பக்கம் வெடி நின்றது. அப்பாவின் வேலையும் நின்றது. இன்று அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. தம்பி கல்லூரியில் படிக்கிறான். நான் அதிர்வுமானிகள் பொருத்துகிறேன். சங்கு இல்லை, குவாரிக் குழியில் தண்ணீர் நிற்கிறது. பெயர்ந்த இடத்தில் வேறு செங்கல் வைத்துப் பூசியிருக்கிறோம். வீடு நிற்கிறது.