அங்க அடையாளங்கள் இரண்டு

ரோஸ்லினைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவள் மோவாயில் மச்சம் இருப்பதை முதன்முதலில் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான் என்று சொல்வேன்.

அப்போது நாங்கள், தெலுங்கு பேசும் ஊரான ராமச்சந்திராபுரத்தில், தொழிற்சாலை டவுன்ஷிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு. பரீட்சை விண்ணப்பத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு அங்க அடையாளம் எழுத வேண்டும். பாஸானதும் வரும் மதிப்பெண் பட்டியலை இங்கே மெமோ என்பார்கள். அதில் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதியோடு அந்த அடையாளங்களும் அச்சாகிவிடும். பிறகு ஆயுசுக்கும் மாறாது. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கமலம் டீச்சர் இந்த வேலையை என் தலையில் கட்டினார். ஒரு வாரம் வகுப்பில் என் ராஜ்யம்தான். எல்லோரும் முழங்கையையும் புறங்கழுத்தையும் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆனந்தகுமாருக்கு மட்டும் உடம்பில் ஒரு மச்சம்கூட அகப்படவில்லை. மறுநாள் சைக்கிளிலிருந்து விழுந்து புத்தம்புதுக் காயத்தோடு வந்தான். வேண்டுமென்றேதான் விழுந்திருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ரோஸ்லின் சாப்பாட்டு வேளையில் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கீழுதட்டுக்குக் கீழே, இடது பக்கம், உப்பலாக ஒரு மச்சம். பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் கிஸ்மிஸ்.

"அனு, மோவாய எழுதாதடி. முழங்கையில ஒண்ணு இருக்கு, தோள்ல ஒண்ணு இருக்கு. அத எழுதிக்கோயேன்."

"பாத்த உடனே தெரியற மாதிரி இருக்கணும்னு டீச்சர் சொல்லிருக்காங்க. மூஞ்சியில இவ்ளோ பெருசா வச்சுக்கிட்டு முழங்கைய எழுதினா அது பொய்."

அவள் கெஞ்சினாள், அழுதாள். நான் எழுதினேன். போதாக்குறைக்கு, சரிபார்க்கிறேன் என்று டீச்சர் பட்டியலைச் சத்தமாக வாசிக்க, வகுப்பே சிரித்தது. தமிழில் மச்சம் என்றால் அதிர்ஷ்டம். தெலுங்கில் மச்ச என்றால் கறை. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்ததுதான் ரோஸ்லினுக்குத் தொல்லை. பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் கம்பெனி பஸ்ஸில் தானாகவே வந்து என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. சரியானதைத்தானே எழுதினோம் என்ற திமிர்.

எங்கள் இரண்டு பேரின் அப்பாவும் ஒரே வருஷம் திருச்சியிலிருந்து இந்தத் தொழிற்சாலைக்கு வந்தவர்கள். அவள் அப்பா கிரேன் ஓட்டினார். என் அப்பா ஸ்டோர்ஸில் இருந்தார். எதிரெதிர் குவார்ட்டர்ஸ். சங்கு ஊதினால் தெரு முழுக்க அப்பாக்கள் வீடு திரும்பும் சைக்கிள் மணிச் சத்தம். பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து போன தூக்குச்சட்டி கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு திரும்பி வரும். நடுவில் பதினொரு மாதம் அது யார் வீட்டில் இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஐந்தாம் நம்பர் பஸ்ஸில் எங்களுக்கென்று இருந்த ஜன்னல் சீட்டு இப்போதும் கனவில் வருகிறது. என்ன சுகமான காலம்! அப்போது அது தெரியாமல், எப்போதடா பெரியவர்களாவோம் என்று பறந்துகொண்டிருந்தோம்.

வகுப்பில் ஒன்பது பேர் தமிழ்ப் பிள்ளைகள். அப்பாக்கள் ஓய்வுபெற ஒவ்வொரு குடும்பமாகத் திருச்சிக்குச் சாமான் கட்டியது. இப்போது இங்கே மிச்சம் நாங்கள் இருவர்தான்.

இண்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்ததும் ரோஸ்லின் பியூட்டிஷியன் கோர்ஸ் சேர்ந்தாள். குவார்ட்டர்ஸின் பின்கட்டில் ஒரு கண்ணாடியும் ஒரு மர நாற்காலியும் போட்டுத் தொழில் தொடங்கினாள். முதல் பலி என் அம்மா. புருவத்தில் நூல் பட்டதும் அம்மா போட்ட கூச்சலில் மூன்று வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். இரண்டாவது பலி நான். ஒரு புருவம் பாதி காணாமல் போய், ஒரு மாதம் பென்சிலால் வரைந்துகொண்டு காலேஜுக்குப் போனேன். மெமோவுக்குப் பழிவாங்கிவிட்டாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிறகு டவுன்ஷிப் கேட்டுக்கு எதிர்ச் சந்தில் கடை எடுத்தாள். கல்யாணம், ஒரு மகள், அந்த மகளுக்குப் புனேயில் வேலை. கணவர் தமிழ்ச்செல்வன் நல்ல மனிதர், வாயைக் கட்டத் தெரியாதவர். சர்க்கரை வியாதி. காலில் செருப்பு கடித்த புண் ஆறவேயில்லை. ஆறு வருஷத்துக்கு முன் போய்விட்டார். அதன் பிறகு ரோஸ்லின் முன்னால் நான் 'சுகர்' என்ற வார்த்தையையே எடுப்பதில்லை.

எனக்கும் நாலு வருஷமாகச் சுகர் இருந்தது. அதைத்தான் அவளிடம் சொல்லவில்லை.

நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வேலையில், எழுதியதைத் திருத்த வேண்டுமானால் ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பொய்யாக ஒரு எண் எழுதினால் சீட்டுக் கிழிந்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய் எழுதியதில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். கல்யாணம் செய்துகொள்ளாததால் என் பீற்றலைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் அதையும் ரோஸ்லின்தான் கேட்டாள்.

போன வருஷம் அவள் கடைக்குச் சோதனை வந்தது. பக்கத்துத் தெருவில் பளபளவென்று ஏசி சலூன் திறந்தார்கள். சின்னப் பெண்கள் அங்கே போய்விட்டார்கள். ரோஸ்லினிடம் மிஞ்சியவர்கள் எங்கள் வயசுக்காரிகள். அவர்கள் கழுத்தைக் காட்டி, "இந்த மருவ எடுப்பியா?" என்றுதான் கேட்பார்கள். ஒருத்தி தானே சுண்ணாம்பு வைத்துக் கழுத்தை வேகவைத்துக்கொண்டு வந்து நின்றாள். அதைப் பார்த்த அன்றே ரோஸ்லின் முடிவு செய்துவிட்டாள்.

"இத முறையா கத்துக்கிட்டு வரேன். இல்லன்னா கடைய மூடிட்டு மகள்கிட்டப் போயிடறேன். ரெண்டுல ஒண்ணு" என்றாள்.

மகளிடம் போகிறேன் என்றதும், போய்க் கத்துக்கோ என்று அவசரமாகச் சொன்னேன்.

அமீர்பேட்டில், கம்ப்யூட்டர் பயிற்சி போர்டுகளுக்கு நடுவே, மூன்றாவது மாடியில் வகுப்பு. மரு, பாற்பரு, சிவப்புப் புள்ளி ஆகியவற்றை மெல்லிய ஊசி வழியாக ஒரு நொடி மின்சாரம் கொடுத்து எடுக்கும் பயிற்சி. கூடப் படித்தவர்களெல்லாம் அவள் மகள் வயசு. முதலில் தக்காளித் தோலில் குத்திப் பழக வேண்டும், சதையில் சாறு கசியக் கூடாது. பிறகு கோழித் தோல். பிறகுதான் மனுஷத் தோல். வீட்டிலும் பழகுகிறேன் என்று தினம் ஒரு கிலோ தக்காளியைக் குத்தினாள். வீணாக்க மனமில்லாமல் ரசம் வைத்தாள். அதை நான் மூன்று வாரம் குடித்தேன்.

சொல்லிக்கொடுத்த சுப்ரியா மேடம் முதல் நாளே போட்ட சட்டம், மச்சத்தைத் தொடக் கூடாது என்பது. மரு வேறு, மச்சம் வேறு. மச்சமென்றால் நேரே டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். மேடம் அதைச் சொன்னதும் வகுப்பு முழுக்க ரோஸ்லின் மோவாயைத் திரும்பிப் பார்த்ததாம். அதை அவள் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். இத்தனை வருஷமாக வாய் வரை வந்து நின்ற கேள்வியை அன்று நான் கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, டாக்டர்கிட்டப் போயி எப்பவோ எடுத்திருக்கலாமே?"

"போனேனே. இருபத்தஞ்சு வயசுல. பத்து நிமிஷ வேலைன்னாரு. வெளிய வந்துட்டேன்."

"ஏன்?"

"மெமோவுல இருக்கே அனு. அத எடுத்துட்டா, நான்தான் ரோஸ்லின்னு நாளைக்கு எப்படி நிரூபிக்கறது? பாஸ்போர்ட்டுல, பேங்க்ல, யாராச்சும் கேட்டா?"

"யாருடி மோவாயப் பாத்துட்டு உக்காந்திருக்கான்?"

"இப்பத் தெரியுது. அப்பத் தெரியலயே. அப்புறம் வயசாயிருச்சு, விட்டுட்டேன்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. பதினைந்து வயசில் நான் எழுதிய ஒரு வரிக்குப் பயந்து ஒருத்தி தன் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பெரிய உண்மை விளம்பி! அன்றைக்கு அந்த முழங்கையை எழுதியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

செய்முறைப் பரீட்சைக்கு ஆளை அவரவரே கூட்டி வர வேண்டும். குறைந்தது ஐந்து மரு இருக்க வேண்டும். என் கழுத்தில் பதினொன்று. நான் வருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். பட்ட கடனைத் தீர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று நினைத்தேன்.

பரீட்சை நடத்த மும்பையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கட்டிலில் படுப்பதற்கு முன் என்னிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆறாவது கேள்வி, நீரிழிவு உண்டா? உண்டு என்றால் டாக்டர் கடிதம் வேண்டும். டாக்டரைப் பார்த்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது, மாத்திரையும் ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை. கடிதத்துக்கு எங்கே போவது? இல்லை என்று எழுதினேன். ஜீடிமெட்லாவில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

ரோஸ்லின் கையுறை மாட்டிக்கொண்டாள். புது ஊசியை உறையிலிருந்து எடுத்துப் பொருத்தினாள். பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து என் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த கை நின்றது.

"அனு, இந்தச் செயின் கீறல் போன மாசம் ஞானஸ்நான வீட்டுல ஆனதுதானே?"

"ஆமா."

"இன்னுமா ஆறல?"

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் ரோஸ்லின் குரலைத் தாழ்த்தினாள்.

"சுகர் இருக்கா?"

"இல்லடி. நீ பாட்டுக்கு ஆரம்பி, டைம் ஓடுது."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"மேடம், இவங்க உடம்பு இதுக்கு சரிப்படாது. நான் செய்யமாட்டேன்" என்று இந்தியில் சொன்னாள்.

வேறு ஆள் இருக்கிறார்களா என்று அந்த அம்மா கேட்டார். இல்லை. நீங்கள் நிறுத்தியது சரிதான், ஆனால் செய்யாத வேலைக்கு நான் எப்படி மதிப்பெண் போடுவது என்றார். நியாயமான கேள்வி. அடுத்த பரீட்சை நாலு மாதம் கழித்து என்றார்கள். நாலு மாதம் கடை தாங்குவது கஷ்டம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மாடிப்படியில் நான் தொடங்கினேன். "பதினோரு சின்ன மரு. ஊசி பட்டா உயிரா போயிடும்? உனக்காகத்தான்டி..."

அவள் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"அன்னைக்குப் பொய் எழுதுன்னு கெஞ்சினேன், உண்மைய எழுதின. இன்னைக்கு உண்மைய எழுதறதுக்கு உனக்கு என்னடி வந்துச்சு? அந்த மனுஷன் காலுக்கு எட்டு மாசம் கட்டுப் போட்டவடி நான். உன் கழுத்துக்கும் என்னையே கட்டுப் போட வைக்கப் பாத்தியா?"

மெட்ரோவுக்குப் போகாமல் எதிரிலிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஒரு மணி நேரத்தில் சீட்டு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு. அதைப் பார்த்ததும், அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

"எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க அனு. நீயும் போயிட்டா இங்க நான் யாரோட தமிழ்ல பேசுவேன்?"

அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். பொய்க்கும் சேர்த்து, உண்மைக்கும் சேர்த்து.

கடை நாலு மாதம் தட்டுத் தடுமாறித் தாங்கியது. பக்கத்துத் தையல்கடை சகுந்தலாவைக் கூட்டிப் போய் ரோஸ்லின் பாஸாகிவிட்டாள். இப்போது டவுன்ஷிப்பிலிருந்தும் லிங்கம்பள்ளியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மச்சத்தோடு வருபவர்களை டாக்டரிடம் அனுப்பிவிடுகிறாள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. எனக்கு மட்டும் முறை வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்கும் முன் நான் போய் விரலை நீட்ட வேண்டும். சுகர் மிஷினைப் பார்த்துவிட்டு, "நக்கோ, போய் நட" என்பாள். நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம். பிறகு இரண்டு பேரும் டவுன்ஷிப்புக்குள் பழைய பஸ் ஸ்டாப் வரை நடப்போம். பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸ்களில் யார் எந்த வீடு என்று சொல்லிக்கொண்டே போவோம். ஆனந்தகுமார் விழுந்த மேட்டில் கொஞ்சம் நிற்போம்.

போன ஞாயிறு நூற்று இருபத்தெட்டு. டாக்டரும் கடிதம் கொடுத்துவிட்டார். வெற்றி வீராங்கனை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தேன். ரோஸ்லின் விளக்கை இழுத்தாள், துடைத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்றை எடுத்தாள். எறும்பு கடித்தது மாதிரிகூட இல்லை. விளக்கை அணைத்துவிட்டாள்.

"ஏன்டி, மத்தது?"

"அடுத்த வாரம்."

"பரீட்சையில அஞ்சு எடுக்கலாம், இங்க ஒண்ணுதானா? ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்தா என்ன?"

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பயன்படுத்திய ஊசியைப் பெட்டியில் போட்டாள்.

"எடுத்துட்டா நீ ஞாயித்துக்கிழமை வரமாட்ட" என்றாள்.

இன்னும் பத்து இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்று முடிவாகியிருக்கிறது.