ராணியின் பட்டுக்கு அடியில்

ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து அத்திம்பேரிடமிருந்து ஒரு வரி இல்லை. அங்கே உத்தியோகத்துக்குப் போனவர், அத்தையை எங்கள் மயிலாப்பூர் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் அப்பாவின் முதல் கேள்வி, தபால் உண்டா என்பதுதான். பகலில் தபால்காரரிடம் வாங்குபவள் அத்தை. இல்லை என்பாள்.

மற்ற நேரமெல்லாம் அவள் ஒரு படத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். குளத்தங்கரைக் கடையில் வாங்கிய அச்சுப் படம்; காட்டில் ராணி அசந்து தூங்குகிறாள், அவள் புடவையில் பாதியைக் கத்தியால் அறுத்துக்கொண்டு ராஜா நழுவுகிறான். அந்த நாளில் பெண்கள் இப்படிப் படங்களின் மேல் பஞ்சு வைத்து, நிஜப் பட்டும் சரிகையும் ஒட்டி, பிறகு கண்ணாடி போடுவார்கள். அத்தையின் படம் மட்டும் முடிந்தபாடில்லை. பிரிவைச் சொல்லும் படம் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா முணுமுணுப்பாள். கடைசியில் ராஜா திரும்பி வந்துவிடுவானே என்பாள் அத்தை.

கொலு நெருங்கிக்கொண்டிருந்தது. என் மரப்பாச்சிக்கு மாம்பழ நிறப் பட்டு வேண்டும், ராணியிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை குளிக்கப் போன சமயம் பார்த்து மெல்ல உரித்தேன். அடியில் பஞ்சுக்குப் பதில் மடித்த கடிதம். எட்டு வயதிலேயே கெட்டிக்காரி என்று பேர் வாங்கத் துடித்த பிறவி நான். அத்திம்பேர் கடிதம் போட்டிருக்கார் என்று கூவிக்கொண்டே அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா இரண்டு முறை படித்தார். அத்திம்பேர் எழுதியதல்ல அது. அவரோடு பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பிய சிநேகிதர் எழுதியது. வழியில் காலரா. மூன்றாம் நாள் போய்விட்டாராம். ஈரத் தலையோடு வந்து நின்ற அத்தையிடம், இது எப்போது வந்தது என்று கேட்டார்.

"ஆடி மாசம்," என்றாள். "கொஞ்ச நாள் இப்படியே இருந்துட்டுப் போறேனேன்னுதான், அண்ணா."

அந்த வருஷம் கொலு வைக்கவில்லை. அம்மா அழுதுகொண்டே இருந்தாள், என்னை ஒருவரும் மெச்சவில்லை. எனக்கு ஒரே கோபம். பாவி, கோபம் எனக்கு! அத்தையின் தலையை மழிக்கப் பத்தாம் நாள் நாவிதர் வருவார் என்று பேசிக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் இதெல்லாம் வேண்டுமா என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அப்பா நாவிதருக்குச் சொல்லி அனுப்பினார்.

பத்தாம் நாள் விடிந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"வாடி, தலை பின்னிவிடறேன்."

பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி சிக்கெடுத்துப் பின்னினாள். அவிழ்ந்த அவள் கூந்தல் என் தோளில் விழுந்துகொண்டிருந்தது. கொல்லையில் யாரோ இருமுவது கேட்டது. அவள் கை நிற்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்னல் இழுக்கிறது என்பதுதான். வலிக்கிறது, சீக்கிரம் விடுங்கள் அத்தை என்று சிணுங்கிக்கொண்டே இருந்தேன்.