ஒத்திக்குப் போன மூன்று மா

என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. அதில் நின்றால் எங்கள் வயல் தெரியும். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். ஆறு வருஷம் அதில் வேறொருவர் பயிர் வைத்தார். நான் தினமும் காலையில் பாலத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, திருவிடைமருதூர் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனேன்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனதில்தான் கடன்கள் வந்தன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போக வேண்டும். முதலில் நகை அடகுக்குப் போயிற்று. பிறகு மகளிர் குழுவில் வாங்கினேன். பிறகு அவருடைய தம்பியிடம். கடைசியாக வயலை ஒத்திக்கு வைத்தோம். எங்கள் பக்கத்து ஒத்தியில் வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் வயலை எடுத்துக்கொண்டு பயிர் வைப்பார், விளைச்சல்தான் அவருக்கு வட்டி. முதலைத் திருப்பிக் கொடுக்கிற அன்று வயல் திரும்பும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே என் கணவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த நடவுக்குள் அவர் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடன் மட்டும் நாலா பக்கமும் இருந்தது.

நான் பிளஸ் டூ படித்தவள், கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும். திருவிடைமருதூர் கடைத்தெருவில் ஓர் உரக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரவிக்கை தைத்தேன்.

கடனை அடைக்கும் வழிகளைச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியிலும் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து சொல்வார். வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள், வெளியில் காபி குடிப்பதை நிறுத்துங்கள், மனதைத் தளரவிடாதீர்கள் என்பார். வெளியில் காபி குடித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவரிடம் கேட்க வழியில்லை. நான் வட்டி பார்த்து அடைக்கவில்லை. யாருடைய பேச்சு அதிகமாகச் சுட்டதோ அவர்களுக்கு முதலில் அடைத்தேன். அந்தக் கணக்கில் முதல் இடம் என் ஓர்ப்படிக்கு, அவர் தம்பியின் மனைவிக்கு. அவள் சங்கிலியை விற்றுத்தான் தம்பி எங்களுக்குப் பணம் கொடுத்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொள்வாள். அவளுடைய பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று வீட்டுக்கு வந்து அரிசி கூடக் களையாமல் தூங்கிப்போனேன்.

ஆனால் வருஷக்கணக்கில் என்னை எழுப்பி நடக்க வைத்தது தைரியமோ நம்பிக்கையோ இல்லை. கோபம்தான்.

வயலை ஒத்திக்கு எடுத்தவர் எங்கள் ஊர்க்காரர். உறவு என்று பெரிதாக இல்லை, முறைக்கு மாமா. உரம் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். மானிய யூரியா வாங்க மெஷினில் விரல்ரேகை வைக்க வேண்டும். மண் வேலை செய்த விரலை மெஷின் லேசில் ஒத்துக்கொள்ளாது. அவர் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அந்த யூரியா என் வயலுக்குப் போகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் யூரியாவை அள்ளி அள்ளிப் போட்டார். பயிர் கருகருவென்று நிற்கும், பூச்சி வரும், அதற்கு மருந்து வாங்க மறுபடி வருவார். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம் என்று சொன்னால் சிரிப்பார். திருப்பிக் கொடுக்கப் போகிற வயலுக்கு யார் தழையுரம் போடுவார்கள்? எனக்கு வயிறு எரியும். ஒருமுறை உள்ளே மூட்டை அடுக்கியிருக்கும்போதே பொய் சொன்னேன்.

"யூரியா லோடு இன்னும் வரல மாமா."

"அந்தா அடுக்கியிருக்கே, அது என்னம்மா?"

"அது வேற ஆளுக்குச் சொல்லி வச்சது."

அவர் என்னைப் பார்த்தார். "எவ்வளவு சேத்திருக்க?" என்று கேட்டார். எப்போது வந்தாலும் இதைக் கேட்பார். கிண்டலா அக்கறையா என்று எனக்கு விளங்கியதில்லை. "சேந்துகிட்டு இருக்கு" என்பேன். உண்மையைச் சொன்னால், அந்த ஆறு வருஷத்தில் என்னிடம் அதை விடாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் கேட்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. நான்தான் யாரையும் நெருங்க விடவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று பத்திரிகை வைக்க வருவார்கள். போனால் மொய் எழுத வேண்டும். எங்களுக்கு முன்பு எழுதியவர்களுக்குக் குறைத்து எழுத முடியாது. அதனால் உடம்பு சரியில்லை, கடையில் லீவு இல்லை என்று ஏதாவது சொல்லித் தப்பினேன். நாலைந்து வீட்டுக்கு அப்படிச் செய்ததும் பத்திரிகை வருவது நின்றது. பிறகு திருவிழாவுக்குக் கூப்பிடுவது நின்றது. பக்கத்து வீட்டில் விருந்தாளிகள் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். தனியாக இருந்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நகை அடகு முடிந்தது. குழுக் கடனும் முடிந்தது. ஒத்தி மட்டும் பாக்கி. அதற்காகச் சேர்ந்திருந்த ஏலச்சீட்டு தை மாதம் கைக்கு வரும் என்று ஆயிற்று. ஒத்தியை மீட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பயிர் நிற்கிற வயலை யாரும் கைமாற்ற மாட்டார்கள். அறுத்து, வயல் வெறுமையாகக் கிடக்கும்போதுதான் பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். தை அறுப்பு, தை மாதச் சீட்டு. இரண்டும் பொருந்தி வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் கடையில் நல்ல கூட்டம். எல்லோரும் உளுந்து விதை வாங்கினார்கள். எங்கள் பக்கம் நெல் அறுப்பதற்குப் பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல்லை அறுக்கும்போது கீழே உளுந்து முளைத்திருக்கும். மாமாவும் வந்து வாங்கினார். நான் பில் போட்டேன். எடை பார்த்துக் கொடுத்தேன். "வெதைநேர்த்தி பண்ணிட்டுத் தெளிங்க மாமா" என்று புத்தி வேறு சொன்னேன். மனசு முழுக்கச் சீட்டுப் பணத்தில் இருந்தது. காலையில் பாலத்தில் நின்று பார்த்தபோதும் மேலே சாய்ந்திருந்த கதிர்தான் கண்ணில் பட்டது.

அறுவடை மெஷின் ஓடி முடிந்த சாயங்காலம் பணத்தைத் துணிப்பையில் வைத்து அவர் வீட்டுக்குப் போனேன். மஞ்சள் தடவிய தாம்பாளம் கூடக் கொண்டுபோயிருந்தேன். அவர் பணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா நீ. உளுந்து தெளிச்சிருக்கேனே. ரெண்டு இலை விட்டுடுச்சு. நீதானே வெதை போட்டுக் குடுத்த?"

நான் தாம்பாளத்தைத் திண்ணையில் வைத்தேன்.

"பயிரு நிக்கிற வயல எப்படிம்மா கைமாத்தறது? பணத்த வேணா இப்ப குடுத்துட்டுப் போ. உளுந்த எடுத்துட்டு வயல விட்டுடறேன்."

"வேணாம் மாமா. வயல் வர்றப்ப பணம் வரும்."

வீட்டுக்குத் திரும்பி, என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன். உரக்கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பில் போடுகிறவள், தன் வயலில் என்ன விதைக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்கக் கூட ஒரு ஆள் இல்லை. என் கணவர் இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு என்னைக் கிண்டல் பண்ணியே தீர்த்திருப்பார்.

பணத்தை பாங்கில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அடைக்க வேண்டிய பணம் கையில் இருக்க, அடைக்க முடியாமல் கிடந்த அந்த இரண்டு மாதம்தான் ஆறு வருஷத்திலும் நீளமானது. ஓடிக்கொண்டிருந்தவரை களைப்பு தெரியவில்லை. நின்றதும் முழங்கால் வலித்தது, தூக்கம் போயிற்று. உளுந்து மஞ்சளாகப் பூத்ததைப் பாலத்தில் நின்று பார்த்தேன். பூச்சி விழுந்துவிடுமோ என்று மாமாவுடைய பயிருக்காக நான் கவலைப்பட்டேன்.

பங்குனியில் உளுந்தைப் பிடுங்கினார்கள். மறுநாளே பணம் கொடுத்தேன். மாமா எண்ணி வாங்கிக்கொண்டு ஒத்திப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "கெட்டிக்காரி" என்றார். அவர் மனைவி காபி கொடுத்தார். வீட்டுக்கு வந்து பத்திரத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று வெகுநேரம் காத்திருந்தேன். அடுத்த நாள் காலையில் விழித்தபோது கோபப்பட ஆள் இல்லை, அடைக்கக் கடன் இல்லை. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. கோடை உழவுக்கு நல்ல ஈரம். கடைக்கு வரும் ஒருவரிடம் சொல்லி வெளியூர் டிராக்டர் ஒன்றை வரவழைத்தேன். முதல் முறையாக லீவு போட்டுவிட்டு என் வயல் வரப்பில் நின்றேன். டிரைவர் முப்பது வயதுக்காரர். வண்டியை வயலில் இறக்கிவிட்டு, என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்.

"வீட்டுக்காரரு வரலீங்களா? அஞ்சு கலப்பை மாட்டி ஆழமா உழறதா, ஒம்பது கலப்பையா, எந்தப் பக்கம் தாழ்வுன்னு கேக்கணுங்க. ஃபோன் போட்டுக் குடுங்க, நானே பேசிக்கிறேன்."

"அவரு இறந்துட்டாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. இந்த வார்த்தையை அதுவரை நான் ஒருமுறையும் என் வாயால் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ்களில் சான்றிதழை நீட்டினால் போதும். சொல்ல நேரமும் இல்லை. அவர் போன மறுவாரமே குழுத் தவணை, அதற்கடுத்த வாரம் நகை வட்டி. கடன்காரியாக ஓடி ஓடி ஆறு வருஷத்தைக் கழித்தவள், அவருடைய மனைவியாக உட்கார்ந்து அழவே இல்லை.

வரப்பில் நின்றபடி சத்தம் போட்டு அழுதேன். டிரைவர் பதறிப்போய் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். அழுகை நிற்கவில்லை.

"இன்னொரு நாள் வரட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேணாங்க" என்றேன். "அஞ்சு கலப்பை போடுங்க. வடக்குப் பக்கம் தாழ்வு, மண்ண அங்க இழுத்து விடுங்க."